பிடுங்கி வைத்த விசை

என் அலுவலக மேசையின் இழுப்பறையில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. திறந்தால் குங்குமம் இருக்காது. கணினி விசைப்பலகையிலிருந்து பிடுங்கிய கறுப்பு விசை ஒன்று கிடக்கும். அதன் தலையில் வெள்ளை எழுத்தில் எஃப்-9 என்று போட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. இன்று காலை மென்பொருள் நிறுவனத்திடமிருந்து வருடாவருடம் வரும் படிவம் வந்தது. ‘எங்களிடமிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று மேலே கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். கீழே இருந்த கையெழுத்து, முன்பு அங்கே சொல்யூஷன்ஸ் ஹெட்டாக இருந்து இப்போது தென்னிந்தியா முழுமைக்கும் தலைவராகிவிட்ட மனிதருடையது. அதைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து சிமிழை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு வராது.

நான் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் டீலர். அப்பாவுக்கு ரயில்வே வேலை. மைசூரில் பிறந்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தேன். தமிழ் வீட்டில், கன்னடம் தெருவில். எங்கள் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே ஏதாவது ஆகிவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்று மைசூரில் ஒரு மாற்று டீலிங் அறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு நான். யார் யாரோ ஓய்வுக்காலத்துக்கென்று ஒப்படைத்த பணத்தை எங்கள் நிதி மேலாளர்கள் பங்குகளில் போடுகிறார்கள். எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவு செய்வது அவர்கள். அந்த முடிவைத் தரகரிடம் சேர்த்து, விலை கெடாமல், எண்ணிக்கை பிசகாமல் முடித்துக் கொடுப்பது நான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது தொலைபேசியில் நடந்தது. ஆணையைக் கேட்டவர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வார். நாங்கள் ‘சரி’ என்ற பிறகுதான் காரியம் நகரும். இப்போது நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. நான் திரையில் அனுப்பும் ஆணையை அது தரகருக்குக் கொண்டு போகும்; முடிந்த விவரத்தைத் திருப்பிக் கொண்டு வரும். அதைச் செய்து விற்கிற நிறுவனத்திலிருந்து எங்களைக் கவனிக்க அனுப்பப்பட்டவர்தான் இந்த மனிதர். பதவிப் பெயர் நீளம் என்று நாங்கள் அவரைச் சொல்யூஷன் என்றே சொல்வோம். எதிரில் ‘சார்’.

சொல்யூஷன் எப்போதும் ஓர் இனிப்புப் பெட்டியோடு வருவார். மைசூர்க்காரர்களுக்கு பெங்களூரிலிருந்து மைசூர்ப்பாகு வாங்கிவரும் துணிச்சல் அவருக்கு இருந்தது. நல்ல இஸ்திரிச் சட்டை, காலரில் ஒரு துளி வாசனை, கையில் திரையைச் சுட்டுவதற்கு ஒரு சிவப்பு விளக்கு. எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஒரு முறைகூட என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, சந்தை திறக்கும்போது எங்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்ததில்லை. முதல் வருடம் அவரே அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வேகம், அழகான திரை, எத்தனை தரகர்களோடு இணைப்பு, தானாக ஆணையைப் பிரித்து அனுப்பும் வசதி என்று வரிசையாகப் போட்டு, முக்கியத்துவப்படி எண் இடச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றுக்கும் எண் இடவில்லை. கடைசியில் இருந்த காலி இடத்தில் பேனாவால் எழுதினேன். என்னைக் கேட்காமல் எதையும் அனுப்பக் கூடாது. இணைப்பு அறுந்தால் அறுந்தது என்று சொல்ல வேண்டும். மறுபடி வந்ததும் அதுவாக எதையும் செய்யக் கூடாது. நான் கூப்பிட்டால் விஷயம் தெரிந்த ஒருவர் போனை எடுக்க வேண்டும். தவறு உங்களுடையது என்றால் உங்களுடையது என்று சொல்ல வேண்டும்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். “மேடம், நீங்க கேக்கறது எல்லாம் பழைய காலம். மார்க்கெட்ல எல்லாரும் ஸ்பீடுதான் கேக்கறாங்க” என்றார். நான், “எல்லாரும் யாரு சார்? ஒருத்தர் போன் நம்பர் குடுங்க, நான் பேசறேன்” என்றேன். நம்பர் வரவில்லை. அடுத்த மாதம் எஃப்-9 வந்தது.

அதுவரை ஓர் ஆணையை அனுப்ப வேண்டுமென்றால் திரையில் ஒரு பெட்டி விரிந்து, இன்ன பங்கு, இன்ன எண்ணிக்கை, அனுப்பலாமா என்று கேட்கும். அந்தப் பெட்டிதான் பழைய தொலைபேசிக் காலத்தில் திருப்பிச் சொன்ன தரகர். அதை நான் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் சம்மதம் சொடுக்குவேன். புதிய ஏற்பாட்டில் எஃப்-9 விசையைத் தட்டினால் போதும். கேள்வி இல்லை, பெட்டி இல்லை. ஆணை போய்விடும். “ஒன் டச், மேடம். காபி ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்” என்று அந்தச் சிவப்பு விளக்கால் என் விசைப்பலகையைச் சுட்டிக் காட்டினார். “பேடா சார், எனக்கு இது பேடா” என்றேன். கோபம் வந்தால் எனக்கு ‘வேண்டாம்’கூடக் கன்னடத்தில்தான் முந்திக்கொண்டு வரும். எனக்கு மட்டும் அதை நிறுத்திவைக்கச் சொன்னேன். ஒருவருக்காக மாற்ற முடியாது என்றார். பெங்களூருக்கு எழுதினேன். ஒப்பந்தத்தில் அந்த வசதிக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டாகிவிட்டது என்று பதில் வந்தது.

எஃப்-9 இருக்கும் இடம், கேள்விப் பெட்டியை விரிக்க நான் நாள் முழுக்கத் தட்டுகிற எஃப்-8க்கு அடுத்த வீடு. விரல் ஒரு இம்மி நகர்ந்தால் ஊரார் பணம் போகும். ஒரு வாரம் பயந்து பயந்து தட்டினேன். எட்டாம் நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து அந்த விசையை நெம்பிப் பிடுங்கினேன். பல் பிடுங்குவது போல ஒரு சின்னச் சத்தம். குழியின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டினேன். கறுப்பு விசைப்பலகையில் அது சட்டென்று தெரியாது. கைப்பையில் காலியாகக் கிடந்த குங்குமச் சிமிழில் விசையைப் போட்டு மூடினேன். பிறகு நிம்மதியாக வேலை பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கருவிகளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் கையெழுத்திட்டேன். தவறுதான். இன்றைக்கும் அதைச் செய்வேன்.

அந்த வருட ஆயுத பூஜையன்று சந்தைக்கு விடுமுறை இல்லை. மறுநாள் தசராவுக்குத்தான் விடுமுறை. மைசூரில் ஆயுத பூஜை என்றால் ஆட்டோவிலிருந்து ஆஸ்பத்திரி லிஃப்ட் வரை பொட்டு வைத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? எங்கள் அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த உதவியாளர். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என் அறையில் தமிழில் பேசக் கிடைத்த ஒரே மனிதர். நான் அவரை அண்ணா என்பேன். அதிகாலையிலேயே வந்து தரையைத் துடைத்து, பூசணிக்காயைத் தயார் செய்து, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரத்திடமும் போனார். என் மேசைக்கு வந்தபோது தயங்கினார். “ஏனுங்க மேடம், இதுக்கும் வெக்கட்டுங்களா? நீங்க யாரையும் தொட உட மாட்டீங்களே” என்றார். “வைங்கண்ணா, அதுக்குத்தான் திருஷ்டி அதிகம்” என்றேன். அவர் விசைப்பலகையின் மேல் சட்டத்தில் மூன்று பொட்டு வைத்தார். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது. ஒரு பொட்டு வழிந்து எஃப் வரிசைக்கு இறங்கியது. நான்தான் துடைக்காமல் விட்டேன்.

பத்தரை மணி வாக்கில் பெரிய ஆணை ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்து, படித்து, சம்மதம் சொடுக்கினேன். அந்த நொடி இணைப்பு அறுந்தது. திரை சாம்பல் நிறமானது. மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எங்கள் அழைப்பு முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரலும் இசையும் கேட்டன. ஒரு நிமிடம்போல ஆனதும் திரை தானாக உயிர் பெற்றது. அடுத்து தரகரே போனில் வந்தார். “மேடம், ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டும் வாங்கியாச்சு. சரிதானே?” என்றார். சரியில்லை. ஒரு மடங்கு வாங்க வேண்டியதை இரண்டு மடங்கு வாங்கியிருந்தோம். அதிகப்படியை விற்று முடிப்பதற்குள் விலை இறங்கிவிட்டது.

நிர்வாகப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி ஓடி வந்தார். விசைப்பலகையில் வழிந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார். அந்தப் படம் அங்கிருந்து சொல்யூஷனுக்குப் போயிருக்க வேண்டும். சாயங்காலமே அவருடைய கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. கேள்விப் பெட்டி இல்லாமல் ஓர் ஆணை செல்ல எஃப்-9 ஒன்றே வழி. அந்த விசைக்குள் பூஜைப் பொருள் புகுந்து, விசை ஒட்டிக்கொண்டு, மறுமுறை அழுந்தியிருக்கிறது என்று எழுதியிருந்தார். மைசூருக்கு வந்து பார்க்கக்கூட இல்லை. ஒரு சந்தனப் பொட்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடத்தில் சந்தனம் கிடைத்தது. அன்று விளக்கு வைப்பதற்குள் ஒப்பந்தக்காரர் உதவியாளரை அழைத்து, கவனக்குறைவாக நடந்துகொண்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார். பூஜைப் பொரி வாங்க அண்ணா ஒரு பை கொண்டுவந்திருந்தார். பை என் மேசைக்குப் பின்னால் அப்படியே தொங்கியது.

அந்த மின்னஞ்சலை நான் மூன்று முறை படித்தேன். எஃப்-9 ஒன்றே வழி என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த எஃப்-9 என் கைப்பையில் சிமிழுக்குள் கிடக்கிறது. ஆக, அறுந்த இணைப்பு மறுபடி வந்ததும் மென்பொருள் தானாகவே அந்த ஆணையை இன்னொரு தடவை அனுப்பியிருக்கிறது. எதைச் செய்யாதே என்று அந்த முதல் படிவத்தில் கையால் எழுதிக் கொடுத்தேனோ அதையே செய்திருக்கிறது. சிமிழைத் திறந்து காட்டினால் அண்ணா பிழைப்பார். ஆனால் கருவியைச் சேதப்படுத்தினேன், பொய்க் கையெழுத்திட்டேன் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். அந்த மாதம்தான் என்னைப் பெங்களூருக்குத் தலைமை டீலராக எடுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் மின்னஞ்சலை மூடினேன்.

மறுநாள் தசரா. ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்து, பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணா நடந்தே என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றார். “மேடம், நான் மேல சட்டத்துலதானுங்க வெச்சேன். பட்டன் மேல வெக்கலைங்க. நீங்க பக்கத்துலயே நின்னு பாத்தீங்களல்லங்க?” என்றார். பார்த்தேன் என்றேன். “அத மட்டும் சொல்லிப்போடுங்க. வேற ஒன்னும் வேண்டாமுங்க. பொண்ணு காலேஜுல இருக்குது, இந்த வருசம் முடியோணும்” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “பாக்கலாம்ணா, மீட்டிங் வைக்கறாங்க” என்றேன். அந்தப் ‘பாக்கலாம்’ என்ற வார்த்தையை உதவி எண்ணில் இருப்பவர்கள் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என் வாயிலிருந்து அதே குரலில் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு, அடைத்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

கூட்டம் ஐந்தாம் நாள்தான் எங்கள் மைசூர் அலுவலகத்தில் நடந்தது. இடையில் நான்கு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், துணி துவைத்தேன். மனசாட்சி குத்தியது என்றெல்லாம் சொன்னால் பொய். பயம்தான் இருந்தது. கூட்டத்திலும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. சொல்யூஷன்தான் என்னைப் பேச வைத்தார். எங்கள் நிறுவனத் தலைவரும் விதிமுறை அதிகாரியும் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் தன் சிவப்பு விளக்கால் சந்தனத்தின் படத்தைத் திரையில் சுட்டிக் காட்டிக்கொண்டே, “சின்ன ஊர்ல இந்த மாதிரி நடக்கும் சார். எஜுகேட் பண்ணணும். எங்க டீம் வேணும்னா ஒரு டிரெய்னிங் தருவாங்க, ஸ்பெஷல் ரேட்ல” என்றார். எங்களைக் குழியில் தள்ளிவிட்டு, ஏணிக்கு விலை சொன்னார்.

“சார், எஃப்-9 தவிர வேற வழியில அந்த ஆர்டர் போயிருக்க முடியாதா?” என்று கேட்டேன். “இம்பாசிபிள் மேடம். எழுதியே குடுத்திருக்கேன்” என்றார். “இன்னொரு தடவை சொல்லுங்க சார், இவங்க கேக்கட்டும்.” சொன்னார். பழைய காலத்துத் தரகர்போல வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். நான் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்து மேசைமேல் கவிழ்த்தேன். விசை உருண்டு அவருடைய லேப்டாப்பில் மோதி நின்றது. “இது என் கீபோர்டோட எஃப்-9. மூணு மாசமா என் பையில இருக்கு. அந்த இடத்துல டேப் ஒட்டியிருக்கேன், போய்ப் பாருங்க. சந்தனம் எந்த பட்டனை அமுக்கிச்சு சார்?” என்றேன். விதிமுறை அதிகாரி எழுந்து போய் என் விசைப்பலகையையே கொண்டுவந்து வைத்தார். நாடாவின்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சொல்யூஷன் கடைசியில் சொன்னது ஒன்றே ஒன்று: “மேடம், இது டேம்பரிங்.” அதுவும் உண்மைதான்.

எனக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. பெங்களூர்ப் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு வாரத்தில் மென்பொருள் நிறுவனம் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இனிமேல் இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால், நிலுவையில் உள்ள ஆணையை அனுப்பலாமா என்று திரை கேட்குமாம். பிழை என்ற சொல்லே அதில் இல்லை. வாடிக்கையாளர்களின் குரலுக்குச் செவிசாய்த்து வழங்கும் புதிய வசதி என்று இருந்தது. அந்தச் சுற்றறிக்கைக்காகவே சொல்யூஷனுக்குப் பாராட்டு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். வேறு மென்பொருளுக்கு மாறுவது பெரிய தலைவலி என்று எங்கள் தலைவர் சொன்னார். தலைவலி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணாவை மறுபடி எடுத்துக்கொள்ள ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொண்டதும் நானே போன் செய்தேன். அவர் பக்கத்து ஊரான நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். “வேண்டாமுங்க மேடம். இங்க மிசினுக்குப் பொட்டு வெச்சா யாரும் எழுதி வாங்கறதில்லீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டன் கதை அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. “நான் ஊட்டுக்கு வந்தன்னிக்கே அது உங்ககிட்டத்தான் இருந்துச்சுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார். அவருடைய பையை நான் கொடுத்தனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று கேட்க எனக்கு முகமில்லை.

இன்று காலை வந்த படிவத்தில் பேனாவால் எழுதக் காலி இடம் கிடையாது. கொடுத்திருக்கும் எட்டு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். ‘தவறை ஒப்புக்கொள்ளுதல்’ அந்த எட்டில் இல்லை. விசைப்பலகையில் எஃப்-9க்கு இப்போது வேலையும் இல்லை. கேள்வி கேட்காமல் அனுப்பும் பொத்தான் திரைக்குள்ளேயே போய்விட்டது, பச்சை நிறத்தில், நட்டநடுவில். கொண்டை ஊசிக்கு அது வராது. படிவத்தோடு நிர்வாகப் பிரிவின் அறிவிப்பும் வந்திருக்கிறது. நாளை ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது முந்தைய ஆண்டுகளைப் போலவே கண்டிப்பாகத் தடைசெய்யப்படுகிறது. நடந்த அத்தனைக்கும் பிறகு எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்ட விதி அது ஒன்றுதான்.

நாளைக்கும் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தாளில் மடித்து எடுத்துப் போவேன். இழுப்பறையைத் திறந்து, சிமிழைத் திறந்து, அந்த விசைக்கு ஒரு பொட்டு வைப்பேன். கும்பிட மாட்டேன். தவறு யாருடையது என்பது அதற்குத் தெரியும். நான்கு நாள் அதை மூடிவைத்திருந்தது யார் என்பதும் தெரியும்.